மனைவிக்கு மோட்டார் சைக்கிள் பழக்குதல்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு 2009 இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாகவே விடப்பட்டன. தோட்டக் காணி கிடைத்தும் வீடு கட்ட வசதியின்றி, வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ இருந்துகொண்டு, தினமும் சில மைல் போய்ப் பயிர் செய்பவர்கள் எம்மிடையே உள்ளனர். வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். ஓட்டத் தெரிந்தவர் கணவர் மட்டுமே. அவர் காய்ச்சலில் படுத்தால் வெங்காயத்துக்குத் தண்ணீர் இல்லை, சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி போகாது. இரவில் பிள்ளைக்கு வருத்தம் என்றால் அயலவரின் படலையைத் தட்ட வேண்டும்.

எமது பெண்களில் அநேகர் சைக்கிள் ஓடுபவர்கள். ஆகவே சமநிலை புதிதாகப் பழக வேண்டியதில்லை. கரைச்சல் வேறிடத்தில் இருக்கிறது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் வேகம் குறையும். பயந்தால் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கலாம். மோட்டார் சைக்கிளில் பயந்து இறுக்கிப் பிடித்தால் வலது கைப்பிடி முறுகி வண்டி பாயும். பழகுவோர் வேலிக்குள் போவது பெரும்பாலும் இதனாலேயே. எனவே ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழக்குங்கள்.

முதல் நாள் எஞ்சினை இயக்க வேண்டாம். அவர் ஏறி இருக்கட்டும். இரு பாதமும் நிலத்தில் ஊன்ற வேண்டும். நீங்கள் பின்னால் மெதுவாகத் தள்ள, அவர் கைப் பிறேக்கையும் கால் பிறேக்கையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தட்டும். இருபது தரம் செய்தாலும் அது வீண் நேரமல்ல. சைலன்சர் வலப் பக்கமுள்ள வண்டியில் இடப் பக்கத்தால் ஏறி இறங்கப் பழக்கினால் கால் சுடாது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் செயினிலோ சில்லிலோ அகப்படாதபடி இறுக்கிச் செருகப்பட வேண்டும்.

அடுத்தது கிளச். முதலாம் கியரில், அக்சிலேற்றரைத் தொடாமல் கிளச்சை மெல்ல மெல்ல விட்டால் ஓரிடத்தில் வண்டி தானாக நகரத் தொடங்கும். அந்த இடத்தைக் கை அறியும் வரை, காலை ஊன்றியபடி பத்து யார் போய் நிற்பதே பாடம். பழைய ஹொண்டா சி 90 கிடைத்தால் இந்த வேலையே இல்லை. அதில் கிளச் பிடி கிடையாது.

இனிக் கணவன்மாருக்கு. பின்னால் ஏறி இருந்துகொண்டு "பிறேக்கைப் பிடியும், கியரை மாத்தும், அங்காலை பாரும்" என்று ஒரே மூச்சில் சத்தம் போட்டால் எவருக்கும் கை நடுங்கும். பழகுபவருக்கு உங்கள் பாரமும் ஒரு சுமைதான். இறங்கி நில்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். விழுந்தால் முதலில் "நோகுதே?" என்று கேளுங்கள், கண்ணாடி உடைந்ததைப் பிறகு பார்க்கலாம். 1990களில் பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்தபோது, கார்புரேற்றருக்குத் துளி பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் வண்டியைக் கிளப்பிய எமது ஆண்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது.

பழக நல்ல இடம் கோயில் வளவு அல்லது பள்ளிக்கூட மைதானம். மணல் ஒழுங்கையில் முன் சில்லு வழுக்கும். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத பற்றைக் காணிக்குள் இறங்கவே கூடாது. வீதிக்கு வருமுன் மருத்துவச் சான்றிதழ் பெற்று, எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, பயிலுனர் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். தலைக்கவசம் மைதானத்திலும் அவசியம்.

பிள்ளையையோ உரப்பையையோ உடனே ஏற்ற வேண்டாம். பின் பாரம் கூடினால் முன் சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும். தனியே சில வாரங்கள் ஓடிக் கை படிந்த பின் ஏற்றலாம். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் முதல் தனிப் பயணம் கிட்டடிக் கடைக்கு இருக்கட்டும். அன்று நீங்கள் சைக்கிளில் பின்னால் துரத்திக்கொண்டு போக வேண்டாம். வீட்டில் இருந்து தேநீருக்குத் தண்ணீர் வையுங்கள்.