சுண்ணாம்பு காப்பாற்றிய மாதா படம்!

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து நாகூருக்குப் போகிறவர்கள் உண்டு. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் உண்டு. ஒன்று தர்கா. மற்றொன்று மாதா கோவில். இரண்டும் ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கிறிஸ்தவ ஆலயமும் மசூதியும் ஒரே கட்டிடமாகவே இருந்தால்?

அப்படியும் ஒரு கட்டிடம் இருக்கிறது! துருக்கி நாட்டில், இஸ்தான்புல் நகரத்தில் இருக்கிறது. அதன் பெயர் "அயா சோபியா". கிரேக்க மொழியில் இதற்குப் "புனித ஞானம்" என்று பொருள்.

916 ஆண்டுகள் அது கிறிஸ்தவ ஆலயமாக இருந்தது. பிறகு 481 ஆண்டுகள் மசூதியாக இருந்தது. அதன் பிறகு பொருட்காட்சி சாலை ஆயிற்று. இப்போது மறுபடியும் மசூதி.

கலகத்தில் எரிந்தது

இஸ்தான்புல்லின் பழைய பெயர் கான்ஸ்டாண்டிநோபிள். கிழக்கு ரோமானிய சாம்ராஜ்யத்தின் தலைநகரம் அது.

532-ம் ஆண்டு ஜனவரி மாதம் அங்கே பெரிய கலகம் மூண்டது. ரதப் பந்தயக் கூட்டத்தில் கிளம்பிய தகராறு, சக்கரவர்த்திக்கு எதிரான கலகமாக மாறியது. ஊர் பற்றி எரிந்தது. பழைய ஆலயமும் எரிந்து போயிற்று.

அந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஆலயம் கட்டச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் உத்தரவிட்டார். ஆந்திமியஸ், இசிடோர் என்ற இரண்டு கணித மேதைகள் திட்டம் போட்டார்கள். ஆறே ஆண்டுகளுக்குள் வேலை முடிந்தது. 537-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி ஆலயம் திறக்கப்பட்டது.

நமது தஞ்சைப் பெரிய கோவில் கட்டி முடிந்தது 1010-ல். அதற்கு 473 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கட்டிடம் இது!

நடுவே பெரிய குவிமாடம். அதன் அகலம் சுமார் 102 அடி. தரையிலிருந்து உச்சி வரை சுமார் 182 அடி. குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். அவற்றின் வழியாக வெளிச்சம் பாயும்போது, குவிமாடம் எதன் மீதும் நிற்காமல் மிதப்பது போலத் தோன்றும்.

முதலில் கட்டிய குவிமாடம் பூகம்பங்களால் பலவீனப்பட்டு, 558-ல் இடிந்து விழுந்தது. இன்னும் உயரமாக மறுபடி கட்டினார்கள்.

கொள்ளை அடித்தது யார்?

1204-ம் ஆண்டில் இந்த ஆலயத்தைச் சூறையாடினார்கள். சூறையாடியவர்கள் வேற்று மதத்தார் அல்ல. மேற்கு ஐரோப்பாவிலிருந்து சிலுவைப் போருக்குக் கிளம்பிய கிறிஸ்தவ வீரர்களே!

1453-ம் ஆண்டு மே 29-ந் தேதி துருக்கி சுல்தான் இரண்டாம் முகமது நகரத்தைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 21. அவர் ஆலயத்தை இடிக்கவில்லை. மசூதியாக மாற்றினார்.

ஆலயத்தைச் சூரியன் உதிக்கும் திசை நோக்கிக் கட்டியிருந்தார்கள். மக்கா அதற்குச் சற்று வலப்புறம் இருக்கிறது. அதனால் தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைக் கொஞ்சம் தள்ளி அமைத்தார்கள். தரையில் விரித்த கம்பளங்களையும் கொஞ்சம் சாய்வாகவே விரித்தார்கள். கட்டிடம் ஒரு திசை, தொழுகை ஒரு திசை. இன்றும் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெளியே நான்கு மினாராக்கள் எழுந்தன. பழைய சுவர்கள் சாயாமல் இருக்க, சினான் என்ற புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் வெளியே முட்டுச் சுவர்கள் கட்டினார். ஆலயம் நிலைத்து நின்றதற்கு இந்தப் பராமரிப்பும் ஒரு காரணம்.

சுவருக்குள் மறைந்த படங்கள்

சுவர்களில் ஏசுநாதர், மாதா, சக்கரவர்த்திகள் ஆகியோரின் படங்கள் இருந்தன. அவை வர்ணத்தால் தீட்டியவை அல்ல. பொடிப் பொடியான கண்ணாடித் துண்டுகளையும், தங்க ரேக்கு பதித்த துண்டுகளையும் ஒட்டிச் செய்தவை. குழந்தை ஏசுவை மடியில் வைத்திருக்கும் மாதா படம் 867-ம் ஆண்டைச் சேர்ந்தது.

மசூதியில் உருவப் படங்கள் கூடாது. ஆகவே காலப்போக்கில் அவற்றின் மீது சுண்ணாம்பு பூசினார்கள்.

பூகம்பத்தில் உதிர்ந்த படங்கள் பல. ஆனால் சுண்ணாம்புக்கு அடியில் பத்திரமாகத் தங்கியவையும் உண்டு. 1931-ல் தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கர் மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கும் வேலையைத் தொடங்கினார். பழைய முகங்கள் மறுபடி வெளியே வந்தன.

மறைக்கப் பூசியதே காப்பாற்றியும் விட்டது!

மறுபடியும் மசூதி

1934-ல் கெமால் அட்டாடர்க் அரசாங்கம் அதைப் பொருட்காட்சி சாலையாக்கியது. எல்லா மதத்தாரும் வந்து பார்த்தார்கள்.

2020-ம் ஆண்டு ஜூலை மாதம் துருக்கியின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஜூலை 24-ந் தேதி மீண்டும் தொழுகை நடந்தது. தொழுகைக்காகக் காத்திருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். உலகெங்கும் கிறிஸ்தவர்கள் பலர் மனம் வருந்தினார்கள். ஒரே கட்டிடத்துக்காக இரண்டு விதக் கண்ணீர்!

பார்க்கப் போனால்...

2024 ஜனவரி முதல் வெளிநாட்டார் தனி வழியாக மேல் மாடிக்குப் போகிறார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. கீழ்த்தளம் தொழுகைக்கு. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மாடிக்கு ஏறுவது சாய்வுப் பாதையில்.

மாடியிலிருந்து பார்த்தால் பெரிய வட்டப் பலகைகள் தெரியும். ஒன்றில் "அல்லாஹ்" என்றும், மற்றொன்றில் "முகம்மது" என்றும் அரபு எழுத்தில் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தூரத்தில், குழந்தையோடு மாதா.

தொழுகிறவர்கள் கண்ணில் படாதபடி அந்தப் படத்துக்கு முன்னால் திரை தொங்குகிறது.

அன்று சுண்ணாம்பு. இன்று துணி. அதற்குப் பின்னால் மாதா இன்னும் இருக்கிறாள். அதற்குக் கீழே தொழுகையும் நடக்கிறது.