தனித் தொண்டும் கூட்டுக் குரலும்

நாம் கல்வி பயிலும் இக்கொல்கத்தா மாநகரம் மாற்றுத்திறனாளிகளின் கல்வியில் பழம்பெருமை உடையது. காது கேளாத சிறுவர்களுக்கான பள்ளி இங்கே 1893ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பார்வையற்றோர்க்கென லால் பிகாரி ஷா என்னும் பெரியார் 1897இல் தொடங்கிய பள்ளி இன்று பெகாலாவில் இருக்கின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் நம் பாளையங்கோட்டையிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. அரசு செய்யாத பணியை அன்பர் சிலர் தம் தோளில் ஏற்றுச் செய்தனர்.

இத்தொண்டு நிறுவனங்கள் தத்தம் பணியைத் தனித்தனியே செய்தால் போதாதா? அவை ஏன் ஒன்றுகூடிக் குரல் எழுப்ப வேண்டும்? இதற்கு விடை காணப் பிரெய்ல் எழுத்தின் வரலாறே போதும். வங்காளி மொழிக்கு ஷா அவர்கள் ஒரு பிரெய்ல் முறை வகுத்தார். பிற மாகாணங்களில் வேறு வேறு முறைகள் வழங்கின. ஒரு முறையில் அச்சான புள்ளி எழுத்து நூலை மற்றொரு முறை கற்றவர் தடவிப் படிக்க இயலாது. ஒவ்வொரு முறையும் நல்லெண்ணத்தால் பிறந்ததுதான். ஆயினும் எல்லாம் சேர்ந்து பார்வையற்றோரைப் பிரித்து வைத்தன. 1951ஆம் ஆண்டில்தான் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது.

எழுத்துக்கு நேர்ந்ததே உரிமைக்கும் நேர்ந்தது. ஒரு சிறு பள்ளி அரசின் மானியத்தை நம்பி நடப்பது. அடுத்த தவணை வருமா என்று ஏங்கி நிற்கும் அப்பள்ளியின் செயலாளர், அதே அதிகாரியிடம் சென்று, “உங்கள் விதி தவறு” என்று எவ்வாறு கூறுவார்? நூறு பள்ளிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் ஒப்பமிட்டால், எந்த ஒன்றையும் தனியே பிடித்துத் தண்டித்தல் எளிதன்று. மேலும், ஒரு பள்ளி தன்னிடம் வரும் குழந்தைகளைத்தான் காக்க முடியும். சட்டமோ பள்ளியின் வாயிலையே காணாத குழந்தையையும் சென்று சேரும்.

1990களின் முற்பகுதியில் தில்லியில் ஜாவேத் அபிதி முதலியோர் பல்வகைக் குறைபாடுடையோரை ஓரணியில் திரட்டினர். நாடாளுமன்றம் 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதற்பெருஞ் சட்டத்தை நிறைவேற்றியதில் இக்கூட்டு முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைப் பற்றிய வினா சேர்ந்ததும் இத்தகைய வற்புறுத்தலால்தான். அப்போது 2.19 கோடிப் பேர் எண்ணப்பட்டனர்; 2011இல் அத்தொகை 2.68 கோடி ஆயிற்று. மேற்கு வங்காளத்தில் மட்டும் சுமார் 20 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். எண்ணப்படாதவர்க்குத் திட்டத்தில் பணம் ஒதுக்குவார் யாருமில்லை.

கொல்கத்தாவிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியையும் காண்போம். இந்நகரில் 1974ஆம் ஆண்டு முதல் மூளை முடக்குவாதம் உடையோர்க்குப் பணியாற்றும் நிறுவனம் ஒன்று உண்டு. இன்று அதன் பெயர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிபிரல் பால்சி. அதனைச் சார்ந்த ஜீஜா கோஷ் அம்மையாரும் மூளை முடக்குவாதம் உடையவர். கோவாவில் நடந்த மாநாட்டிற்குச் செல்ல 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தா நிலையத்தில் விமானம் ஏறி அமர்ந்தார். பறக்குமுன் அவரை இறங்குமாறு பணித்தனர். அம்மையாரும், மும்பையில் இத்தகையோர்க்குத் தொண்டு புரியும் ‘அடாப்ட்’ என்னும் அமைப்பும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். 2016 மே 12இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்திற்கு நீதிமன்றம் ஆணையிட்டது. பாதிக்கப்பட்டவரும் தொண்டு செய்பவரும் ஒரே மனுவில் நின்றதை நாம் கருத வேண்டும்.

ஒற்றுமை என்றால் கருத்து வேற்றுமையே இல்லை என்பதன்று. 2014இல் புதிய சட்ட முன்வடிவு மாநிலங்களவைக்கு வந்தபோது, “கிடைப்பதைப் பெறுவோம்” என்றனர் சிலர். “குறையுள்ள சட்டம் வேண்டா” என்றனர் வேறு சிலர். வாதங்களும் திருத்தங்களும் கடந்து 2016 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 ஆயின. அரசுப் பணி ஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆயிற்று. அந்த நான்கும் பல பிரிவினர்க்குப் பங்கிடப்படுவதால், “என் பங்கு, உன் பங்கு” என்ற பூசல் எழ இடமுண்டு. பங்கிற்குப் போரிடும் நேரத்தில், நிரப்பப்படாத இடங்களை யார் கேட்பது?

தொண்டு நிறுவனங்களின் கூட்டணிக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. தொண்டு செய்வோர் மட்டும் கூடிப் பேசினால், மானியமும் சம்பளமும் முன்னுக்கு வந்து, தொண்டு பெறுவோரின் விருப்பம் பின்னுக்குச் சென்றுவிடும். ஆகவே மாற்றுத்திறனாளிகளின் சொந்தச் சங்கங்களும் அவையில் சமமாக அமர வேண்டும். மேற்கு வங்கத்தின் ‘பிரதிபந்தி சம்மிலனி’ அத்தகையது; பிரதிபந்தி என்பது மாற்றுத்திறனாளியையும், சம்மிலனி என்பது கூடுகையையும் குறிக்கும் வங்கச் சொற்கள். அதுவும் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கமும் ஒரே அகில இந்திய மேடையில் இணைந்துள்ளன. மொழி வேறாயினும் கோரிக்கை ஒன்றே.

மாணவத் தோழர்களே! அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் இவர்களுக்கு உரியவை என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. நம் வளாகத்தில் அவ்விடங்கள் நிரம்பியுள்ளனவா? நூலகத்திற்குச் சாய்தளப் பாதை உண்டா? தேர்வில் எழுதி உதவுவோர் எளிதில் கிடைக்கின்றனரா? இவற்றைத் தமிழ் மாணவர் மட்டும் கேட்டால் ஒரு கடிதம். வங்காளி, ஒரியா, இந்தி மாணவர் சங்கங்களோடும், குறைபாடுடைய மாணவர்களோடும் சேர்ந்து கேட்டால் அது ஒரு கோரிக்கை. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் நம் கையருகேதான் கிடக்கின்றது.