சில சதங்களில் வாழ்ந்த பாட்டு

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், இறம்பொடையை அடைந்ததும் பேருந்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியைக் காண்பதற்காகவே அப்படித் திரும்புகிறார்கள். அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகளையோ, அச்சரிவுகளின் நடுவே தகரக் கூரையுடன் வரிசையாய் நிற்கும் லயங்களையோ உற்றுப் பார்ப்பவர் சிலரே. அந்த லயங்களில் ஒன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், பாட்டை மட்டும் நம்பி ஒருவன் வாழ முடியுமா?"

அவன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவன். பகலெல்லாம் படிப்பு. மாலையில் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வரவேண்டும். தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். லயம் உறங்கிய பின் இஸ்தோப்பில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் தன் குரலைப் பதிவு செய்கிறான். அதைக் கேட்பவர்கள் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்; இன்னொருவருக்கு அனுப்பி வைக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. அவனுக்குச் சங்கீத சபை இல்லை. இசைத்தட்டுக் கம்பனி இல்லை. கைதூக்கி விடத் தெரிந்த மனிதரும் இல்லை.

ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. "இதே மலைகளில் உனக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்தே விடை சொன்னார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே இல்லை. நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அக்குறை தீரவே இதனை எழுதத் துணிந்தேன்.

பாட்டு விற்ற பாவலர்கள்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்துச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மலிவுத் தாளில் அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் பெருவாரியாக விற்றமையால் அவற்றைக் குஜிலிப் புத்தகங்கள் என்றார்கள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து, காந்தியடிகளின் போராட்டம் என்று நாட்டில் நடந்ததெல்லாம் சில நாட்களுக்குள் பாட்டாகிவிடும். படித்தவர்கள் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2004ஆம் ஆண்டில் 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலை வெளியிட்ட பின்னரே இவற்றின் பெருமை பலருக்கும் தெரிய வந்தது.

அந்த வழக்கம் கடல் கடந்து நம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கோவிந்தசாமித் தேவர், பெரியாம்பிள்ளை, ஜில் சுல்தான் முதலியோரின் பெயர்கள் மலையக இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. பாட்டைக் கட்டியவர், பாடியவர், விற்றவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. இன்று 'சுயாதீனக் கலைஞர்' என்று நாம் புதிதாகப் பெயர் சூட்டி அழைக்கும் மனிதர் அன்றே நம் மண்ணில் நடமாடியிருக்கிறார்.

அத்தகைய பாவலர் ஒருவரின் ஒரு நாளை மனக்கண்ணால் காண்போம். அச்சுக்கூலியை முன்கூட்டியே கொடுத்துத் தாள்களை வாங்கி, மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அவர் விடியற்காலையிலேயே புறப்படுகிறார். சம்பள நாளும் சந்தை நாளும் அவருடைய பஞ்சாங்கத்தில் திருநாட்கள். சந்தை முனையில் நின்று உரத்த குரலெடுத்துப் பாடுகிறார். கூட்டம் வட்டமிட்டு நிற்கிறது. கதை உச்சத்துக்கு வரும் இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளை உயர்த்திக் காட்டுகிறார். மிச்சக் கதை வேண்டுமானால் சில சதம் கொடுத்துத் தாளை வாங்கவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வரும்படி போயிற்று. தாள் நனைந்தாலோ முதலும் போயிற்று.

தோட்டத்துக்குள் சென்று பாடுவது இன்னும் கடினம். அந்நாளில் துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தில் கால்வைப்பது குற்றம். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரே புடைவை வியாபாரி போல வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். மனிதர் நுழைய முடியாத இடத்திலும் பாட்டு நுழைந்தது. சந்தையில் வாங்கிய தாள் முந்தானையில் முடிச்சாகி லயத்துக்குப் போகும். எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் வாசிப்பார். மற்றவர்கள் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். பாட்டின் தலைப்பில் எந்த மெட்டில் பாடவேண்டும் என்று குறித்திருப்பார்கள்; அது எல்லாரும் அறிந்த நாடக மெட்டாகவோ சினிமா மெட்டாகவோ இருக்கும். ஆகையால் இசையைத் தனியே கற்க வேண்டியதில்லை. மறுநாள் கொழுந்து மலையில் பத்துப் பேர் அதே பாட்டைப் பாடுவார்கள்.

ஒரு தாளுக்கே காசு கிடைத்தது. பாடியவர்களோ பத்துப் பேர். இன்று பாட்டைத் தொலைபேசியில் இலவசமாகக் கைமாற்றுகிறார்களே என்று என் மாணவன் வருந்துகிறான். அந்த வருத்தம் அவனுக்கு முந்திய மூன்று தலைமுறைக்கும் உரியது.

மீனாட்சி அம்மையின் குரல்

இந்த வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் மீனாட்சி அம்மை. நடேசய்யரின் துணைவியார், அவரோடு இணைந்து பத்திரிகைப் பணியும் தொழிற்சங்கப் பணியும் ஆற்றியவர். நடேசய்யர் 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். அவருடைய கூட்டங்களில் மீனாட்சி அம்மை பாடுவார். கூட்டம் திரண்டதற்கு அவருடைய பாட்டும் ஒரு காரணம்.

1939ஆம் ஆண்டில் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கிற்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலைநாடெங்கும் கலக்கமும் கொந்தளிப்பும் நிலவிய அந்த 1940ஆம் ஆண்டிலேயே மீனாட்சி அம்மை தம் பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாக வெளியிட்டார். மக்கள் அறிந்த மெட்டுகளில் மக்களின் துயரத்தையும் உரிமையையும் அமைத்துப் பாடினார்.

பெண்ணொருத்தி மேடையேறிப் பாடுவதே வியப்பாகக் கருதப்பட்ட காலம் அது. அவருக்கு அரசனும் இல்லை, ஆதீனமும் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற கூட்டமே அவருடைய சபை. ஆதரவு திரட்டுவது என்றால் புகழ் தேடுவது என்று நாம் நினைக்கிறோம். மீனாட்சி அம்மையோ கேட்பவரின் வாழ்க்கையையே பாட்டாக்கி அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். தம் கதையைப் பாடுபவரை மக்கள் எப்படிக் கைவிடுவார்கள்?

54 சதத்தில் ஒரு பங்கு

அந்த மக்களின் வரும்படி எவ்வளவு என்பதையும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1927ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நிர்ணயிக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம், உயர் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. அதாவது பாதிச் சம்பளம். இத்தகைய வருவாயிலிருந்து பாட்டுத் தாளுக்காகச் சில சதம் எடுத்துக் கொடுப்பது சிறிய செயலா? பெருஞ்செல்வர் பொற்கிழி அளிப்பதைவிட இதுவே பெரிய கொடை என்பேன்.

தாள் வாங்க முடியாதவர்கள் வேறு வழியில் கலையைக் காத்தார்கள். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடைபெறும். பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் வேடம் கட்டுவார். விடியலில் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்படித்தவர் இரவில் கூத்துக்குத் தப்படிப்பார். லயத்துக்கு லயம் அரிசியும் தேங்காயும் காசும் சேர்ப்பார்கள். கலைஞன் வேறு, சுவைஞன் வேறு என்ற மதில் அங்கே இல்லை.

உலகம் கண்ட வழி

நம் முன்னோர் சதக் கணக்கில் செய்ததை இன்று மேலைநாட்டார் டாலர்க் கணக்கில் செய்கிறார்கள். அமண்டா பாமர் என்னும் அமெரிக்கப் பாடகி 2012ஆம் ஆண்டில் தம் புதிய பாடல்களை வெளியிட இணையத்தின் வழியே இரசிகரிடம் பொருளுதவி கேட்டார். ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் சேர்ந்து 12 இலட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தார்கள். இதிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் முன்பு ஒரு கம்பனியின் கீழ் இருந்தபோது வெளிவந்த இசைத்தட்டு முதற் சில வாரங்களில் 25 ஆயிரம் படிகள் விற்றது; கம்பனி அதைத் தோல்வி என்று தள்ளியது. இதனை அவரே 2013இல் ஓர் உரையில் எடுத்துக்கூறினார். கம்பனிக்குப் போதாத 25 ஆயிரம் பேர், கலைஞருக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள்!

அதே 2013இல் ஜாக் காண்டி என்னும் இசைக்கலைஞர் 'பேட்ரியான்' என்னும் அமைப்பைத் தோழர் ஒருவருடன் சேர்ந்து தொடங்கினார். இரசிகர்கள் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்துத் தமக்குப் பிடித்த கலைஞரைத் தாங்குவது அதன் முறை. சம்பள நாளில் பாட்டுத் தாள் வாங்கிய நம் பாட்டிமாருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

ஆயினும் என் மாணவனை இந்தப் பெருந்தொகைகளைக் காட்டி மயக்க நான் விரும்பவில்லை. அமண்டா பாமர் ஊர் ஊராகச் சென்று பல்லாண்டுகள் பாடிய பிறகே உதவி கேட்டார். ஆகவே அவனுக்கு நான் கூறியவை இவை: படிப்பை விடாதே, வயிற்றுக்கு ஒரு தொழில் இருக்கட்டும். நாள்தோறும் ஒரு நாழிகையேனும் பயிற்சி செய். பிறர் பாட்டைப் போலப் பாடாமல் உன் லயத்தில் நடப்பதைப் பாடு. ஒவ்வொரு பாட்டிலும் உன் பெயரையும் ஊரையும் குறி. கேட்டவரின் முகத்தைத் தெரிந்து வை. பெற்ற காசுக்குக் கணக்கு எழுதி வை. கொடுத்தவர் கேட்டால் காட்டு. காசு கேட்பதற்கு வெட்கப்படாதே, ஏமாற்றுவதற்கு வெட்கப்படு.

நம் பங்கு என்ன?

கலைஞனுக்குப் புத்தி சொல்வது எளிது. கேட்பவராகிய நாமும் சிலவற்றைச் செய்யவேண்டும். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் தொலைவிலிருந்து பாடகரை அழைக்கும்போது கூலி பேசுகிறோம். உள்ளூர்ப் பிள்ளையை அழைத்தால் ஒரு மாலையும் ஒரு சோடாவும் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அதை நிறுத்தவேண்டும். ஒரு பாட்டைப் பிறருக்கு அனுப்பும்போது பாடியவர் பெயரையும் சேர்த்து அனுப்பவேண்டும். முடிந்தால் ஒரு தேநீரின் விலையையாவது அவருக்கு அனுப்பவேண்டும்.

பழையதைப் பேணுவதும் நம் கடனே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் ஆயிரமாயிரம் குடும்பங்கள் மலைநாட்டை விட்டு இந்தியா சென்றன. அவர்களுடைய தகரப் பெட்டிகளோடு எத்தனை பாட்டுத் தாள்கள் போயினவோ, எத்தனை மக்கி மண்ணாயினவோ! சி. வி. வேலுப்பிள்ளை வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என வெளியிட்டமையாலும், சாரல்நாடன் நடேசய்யரின் வரலாற்றைத் தேடி 1988இல் நூலாக்கியமையாலும் நமக்குச் சிறிதேனும் எஞ்சியது. உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ அத்தகைய தாள் ஒன்று இருக்குமானால் அதை அடுப்புக்கு இரையாக்காதீர்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் போன்ற இடங்களில் அது என்றும் நிலைத்திருக்கும்.

சங்க காலத்தில் ஆற்றுப்படை என்றொரு நூல்வகை தோன்றியது. வள்ளலிடம் பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு அந்த வள்ளலின் ஊருக்கு வழி சொல்வான். இன்று வள்ளல்கள் இல்லை, கேட்பவரே வள்ளல். ஆகவே பாட்டாகிய பரிசிலைப் பெற்றவர்தாம் இன்னொருவருக்குப் பாடகன் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லவேண்டும்.

சென்ற வாரம் என் மாணவன் ஒரு புதிய பாட்டோடு வந்தான். நீர்வீழ்ச்சியைப் பார்க்க நிற்கும் பேருந்துகளை, கொழுந்துக் கூடையோடு மேலே நின்று பார்க்கும் தாய் ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. வகுப்பில் பாடச் சொன்னேன். பாடி முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து 20 ரூபாத் தாள் ஒன்றை நீட்டினான். சிலர் சிரித்தார்கள். பாடியவன் முகம் சிவந்து, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வாங்கிக்கொள்" என்றேன். "அவன் உனக்குத் தர்மம் செய்யவில்லை. உன் அடுத்த பாட்டுக்கு முன்பணம் தருகிறான்."

வாங்கிக்கொண்டான். கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில், கொடுத்தவனின் பெயரையும் தொகையையும் அப்போதே எழுதி வைத்தான்.