கணக்குக்கும் விதை நெல் வேண்டும்

அறுவடையான நெல் முழுவதையும் விற்றுவிட்டு, வெறுங்கையுடன் அடுத்த பருவத்தை எதிர்நோக்கும் விவசாயி எவரும் இல்லை. எத்தகைய நெருக்கடி நேர்ந்தாலும் விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, நன்கு காய வைத்து, ஈரமும் பூச்சியும் அண்டாதபடி பத்திரப்படுத்துவது நம் குடியானவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். ஒதுக்கி வைத்ததோடு விவரமறிந்த விவசாயி நிம்மதியடைந்துவிடுவதும் இல்லை. விதைப்புக்கு முன்னர் 100 விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்க்கிறார். 80-க்குக் குறைந்தால் அவ்விதையை நம்பி நாற்றங்கால் விடுவதில்லை. மணி பார்வைக்குத் திரட்சியாக இருப்பது போதாது. முளைத்தால்தான் அது விதை.

இதே முன்னெச்சரிக்கை இன்று மற்றொரு விஷயத்திலும் நமக்கு அவசியமாகியிருக்கிறது. பஞ்சாயத்துக் கணக்குகள் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு ஏறிவிட்டன. பஞ்சாயத்துகளின் திட்டங்களையும் கணக்குகளையும் பதிவதற்காக மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணைய ஏற்பாடு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. பட்டா, சிட்டா விவரங்களை விவசாயி தம் கைப்பேசியிலேயே பார்க்கிறார். அலமாரியிலிருந்து ஒரு பேரேடு தொலைந்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் கணக்குக்குச் சரியான பிரதி இல்லை என்பதோ, பெரும்பாலும் மூலக் கணக்கு அழிந்த பிறகுதான் தெரியவருகிறது. ஆகவே, இக்கணக்குகளுக்கு எவ்வாறு பிரதி எடுக்கிறார்கள், அழிந்தால் எவ்வாறு மீட்கிறார்கள், எங்கே தவறு நேர்கிறது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கிளவுட் என்பது யாது?

மேகம் என்று பொருள்படும் ‘கிளவுட்’ என்ற பெயரைக் கேட்டு, நம் கணக்குகள் ஆகாயத்தில் எங்கோ மிதக்கின்றன என்று எண்ண வேண்டியதில்லை. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட கட்டடத்தில், வரிசை வரிசையாக நிற்கும் சர்வர்கள் என்னும் யந்திரங்களே கிளவுட் ஆகும். அவற்றில் ஓர் இடத்தை வாடகைக்குப் பெற்று மென்பொருளை இயக்குகிறார்கள்.

இதைச் சேமிப்புக் கிடங்குக்கு ஒப்பிடலாம். கட்டடத்தையும் பூட்டையும் காவலையும் கிடங்குக்காரர் கவனித்துக்கொள்வார். ஆனால் மூட்டைக்குச் சொந்தக்காரரே தவறான மூட்டையை வெளியே எடுத்து இறைத்துவிட்டால், அதற்குக் கிடங்குக்காரர் பொறுப்பாளி அல்லர். அதுபோலவே, கிளவுடில் வாடகைக்கு இடம் பிடித்த மாத்திரத்தில் பிரதிகள் தாமாகவே உண்டாகிவிடும் என்று நம்புவது தவறு. பல இடங்களில் அதற்குரிய ஏற்பாட்டை நாமே கேட்டுத் தொடங்கி வைக்க வேண்டும்.

பேரேடும் நாள்வழியும்

கணக்குகள் அடங்கிய கம்ப்யூட்டர்ப் பேரேட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். இதற்குப் பிரதி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் பொழுதே புதிய பதிவுகள் வந்துகொண்டிருக்கும். வரி செலுத்தியவரின் பெயர் பழைய நிலையிலும், மொத்த வசூல் புதிய நிலையிலும் பதிவாகிவிட்டால் அப்பிரதி ஒன்றுக்கொன்று பொருந்தாமற்போகும். ஆதலால், குறிப்பிட்ட ஒரு கணத்தில் தரவுத்தளம் முழுவதும் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையையே எழுதித் தரும் தனிக் கருவியைக் கொண்டு பிரதி எடுக்கிறார்கள்.

முழுப் பிரதியை நிமிஷத்துக்கு ஒன்றாக எடுப்பது சாத்தியமன்று. இங்கே உதவுவது நாள்வழி. நம் கடைக்காரர்கள் நடப்பதை நடந்த வரிசையில் நாள்வழிக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் பதிவதில்லையா? தரவுத்தளமும் ஒவ்வொரு மாறுதலையும் முதலில் ஒரு நாள்வழியில் எழுதிக்கொள்கிறது. ஞாயிறன்று எடுத்த முழுப் பிரதியும், அதன் பின்னர் எழுதப்பட்ட நாள்வழியும் பத்திரமாக இருந்தால், புதன்கிழமை பகல் 11 மணிக்கு யாரோ ஒருவர் தவறுதலாக அழித்த கணக்கை, 10.59-க்கு இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நாள்வழி இல்லையேல் ஞாயிற்றுக்கிழமை நிலைக்குத்தான் திரும்ப முடியும். மூன்று நாள் வேலை நஷ்டமே.

2017-இல் நேர்ந்த விபத்து

இத்தனையும் அறிந்த நிபுணர்களிடத்திலேயே எவ்வாறு தவறு நேர்ந்தது என்பதற்கு ஒரு சம்பவத்தைக் கூறுவோம். மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து, ஒன்றுகூடி உழைப்பதற்கான கிட்லாப் என்னும் இணையத் தளம் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. அதன் சர்வர்கள் அக்காலத்தில் மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் இயங்கின. 2017 ஜனவரி 31 இரவு அதன் தரவுத்தளத்துக்கு வேலைப்பளு மிகுந்தது. முதன்மைச் சர்வரைப் பார்த்து உடனுக்குடன் எழுதிக்கொள்ளும் இரண்டாம் சர்வர் பின்தங்கி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்வதற்காக, இரண்டாம் சர்வரில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுத முயன்றார்கள். கிரீன்விச் நேரப்படி இரவு 11.30 மணியளவில், ஒரு பொறியாளர் இரண்டாம் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் அளவுள்ள தரவு மறைந்துவிட்டது.

பிரதிகளைத் தேடியபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. 24 மணிக்கு ஒருமுறை பிரதி எடுத்து அனுப்ப ஓர் ஏற்பாடு இருந்தது. பிரதிகள் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது! தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பில் இயங்க, பிரதி எடுக்கும் கருவியோ 9.2 என்னும் பழைய பதிப்பில் இருந்தமையால், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய உடனே தோல்வியுற்று நின்றிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டன; ஆனால் அவற்றில் உரிய கையொப்ப முத்திரை இல்லையென்று பெறுமிடத்துச் சர்வர் திருப்பிவிட்டது. கிளவுடின் வட்டுப் பிரதி வசதியோ தரவுத்தளச் சர்வர்களுக்குத் தொடங்கப்படவேயில்லை. ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பத்தக்க முறையில் வேலை செய்யவில்லை என்று அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். விபத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்னதாக, வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் தரவுத்தளத்தின் பிரதியொன்றைக் கையால் எடுத்திருந்தார். அதை மெதுவான வட்டிலிருந்து நகலெடுத்து முடிக்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. அந்த இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் திரும்பவில்லை. சுமார் 5,000 பணித்திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனாளர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது.

இவ்விபத்தை ஆராய்ந்த அந்நிறுவனம், கட்டளை கொடுத்த பொறியாளர் மீது பழி சுமத்துவதோடு நின்றுவிடவில்லை. பிரதி எடுக்கும் வேலைக்கு இன்னார்தான் பொறுப்பு என்று எவரும் நியமிக்கப்படவில்லை. ஆகையால் பிரதி முளைக்குமா என்று எவரும் சோதிக்கவில்லை என்பதே அவர்கள் கண்ட மூல காரணம். எல்லோருக்கும் பொதுவான வேலை எவருக்கும் உரியதாக இராது என்பதைப் பொதுக் கிணற்றைப் பராமரித்த அனுபவமுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நிழலும் பிரதியும் ஒன்றல்ல

இரண்டாம் சர்வர் ஒன்று எப்பொழுதும் உடன் எழுதிக்கொண்டிருக்கும்போது தனிப் பிரதி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. முதல் சர்வர் பழுதுபட்டால் இரண்டாவது உடனே வேலையை ஏற்கும். அந்த அளவில் அது பேருதவியே. ஆனால் அது நிழலைப் போன்றது. முதல் சர்வரில் ஒருவர் தவறுதலாக 500 பெயர்களை நீக்கினால், அந்த நீக்கத்தையும் அது அடுத்த கணமே உண்மையாகப் பின்பற்றும். நேற்றைய நிலையை நமக்குத் திருப்பித் தரவல்லது நேற்று எடுத்து ஒதுக்கி வைத்த பிரதி மட்டுமே.

ஒரே கொட்டகையில் வைக்கலாகாது

பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. பல அரசாங்கச் சேவைகள் தடைப்பட்டன. அரசு அலுவலர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் ஏற்பாட்டில் 858 டெராபைட் தரவு இருந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி வைக்கப்படவில்லை. தீயில் அது முற்றும் அழிந்தது.

இதற்கு மாறாக, 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதி நிறுவனத்துக்கு, கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் நேர்ந்த ஓர் அமைப்புத் தவற்றால் கிளவுடில் இருந்த அதன் ஏற்பாடு நீக்கப்பட்டுவிட்டது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க இயலவில்லை. ஆயினும், வேறொரு நிறுவனத்திடமும் பிரதிகள் வைத்திருந்தமை மீட்புக்குத் துணைபுரிந்தது.

ஆகவே வல்லுநர்கள் ஓர் எளிய விதியைக் கூறுகிறார்கள்: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள்; இரண்டு வகையான சாதனங்களில்; அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரில். தீய நோக்கமுடையோர் கம்ப்யூட்டரில் புகுந்து, கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதும் இந்நாளில் நிகழ்கிறது. இணைப்பில் உள்ள பிரதிகளையும் அவர்கள் பூட்டிவிடுவார்கள். எனவே ஒரு பிரதியேனும் எவராலும் மாற்ற முடியாதபடியோ, இணைப்பின்றித் தனியாகவோ இருக்க வேண்டும்.

முளைப்புச் சோதனை

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். பிரதியை மீட்டுப் பார்ப்பதே அதன் முளைப்புச் சோதனை. இயங்கிக்கொண்டிருக்கும் கணக்கின் மேல் இதைச் செய்யலாகாது. வேறொரு சர்வரை எடுத்து, அதில் பிரதியை இறக்கி, மொத்தப் பதிவுகள் எத்தனை, இறுதி இருப்பு எவ்வளவு, கடைசிப் பதிவு எந்த நாளுக்குரியது என்று மூலத்துடன் ஒப்பிட வேண்டும். மீட்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறித்துவைக்க வேண்டும். பிரதி ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் சாவி தனி இடத்தில் இருக்கிறதா என்பதும் அப்பொழுதே விளங்கிவிடும். இதனை முன்னரே செய்யாதவர், ஆபத்து வந்த அன்று முதன்முறையாகச் செய்ய நேரிடும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

அரசாங்கத்தின் பெரிய ஏற்பாடுகளுக்குப் பிரதி எடுப்பது அவற்றை நடத்துவோரின் கடமை. ஆனால் பஞ்சாயத்தோ கூட்டுறவுச் சங்கமோ சொந்தமாக மென்பொருள் சேவை ஒன்றை வாங்குமாயின், கூட்டத்தில் பின்வரும் கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்து மூலம் பெறுதல் நலம்.

1. பிரதி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது? விபத்து நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துப் பதிவுகள் போகக்கூடும்?
2. பிரதிகள் எங்கே உள்ளன? மூலம் இருக்கும் கட்டடத்திலேயேவா?
3. பழைய பிரதிகள் எத்தனை நாட்கள் வைக்கப்படும்? தவறு ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தால் என்ன செய்வது?
4. கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள்? எவ்வளவு நேரம் ஆயிற்று?
5. இவ்வேலைக்குப் பொறுப்பானவர் யார்? தோல்வியுற்றால் அவருக்கு எவ்வாறு தெரியும்?

அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளுக்கும் இதே முறை பொருந்தும். கழற்றி எடுக்கக்கூடிய வட்டுகள் இரண்டை வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கலாம். மக்களின் சொந்த விவரங்கள் அதில் அடங்கியிருப்பதால் பூட்டு அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, அச்சிட்ட கணக்கின் இருப்புடன் ஒப்பிட்டு, பார்த்தவர் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். விவசாயிகளும் வரி ரசீது, கடன் ரசீது முதலியவற்றைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும். கணக்கில் ஐயம் எழும் நாளில் அந்தத் துண்டுக் காகிதமே சாட்சியாக நிற்கும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். வேண்டுவது ஒழுங்கும், பெயர் குறித்து ஒப்படைத்த பொறுப்புமே. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இன்னார் பொறுப்பு, இன்ன தேதியில் சோதனை என்று இரண்டு வரிகள் எழுதப்படுமாயின், ஊரின் கணக்குக்கு விதை நெல் ஒதுக்கியாகிவிட்டது எனலாம். குறித்த தேதியில் அதை முளைக்க வைத்தும் பார்த்துவிட்டால், பிறகு எந்தப் பருவத்துக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.