கிற்றார் மிதிபெட்டிகளும் வரிசைமுறையும்

ஐந்தையும் மூன்றையும் எவ்வரிசையிற் கூட்டினும் விடை எட்டே. ஆயின், மிளகாயை வறுத்து இடிப்பதும் இடித்து வறுப்பதும் ஒன்றல்ல என்பதை அடுக்களையில் எவரும் அறிவர். இரு செயல்களை முன்பின்னாக மாற்றும்போது விளைவு எப்போது மாறும், எப்போது மாறாது என்னும் வினா கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. மின்கிற்றார் வாசிப்போர் தம் காலடியில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டிகளிடையேயும் அது எழுகின்றது. 'பெடல்' எனப்படும் இப்பெட்டிகள் கிற்றாருக்கும் விரியலாக்கிக்கும் இடையில் நின்று ஒலியின் தன்மையை மாற்றுவன. இவற்றைக் கோக்கும் முறைக்கென ஒரு பட்டியல் வழங்கிவருகின்றது: முதலில் வாவா, அடுத்துக் கரகரப்பூட்டி, இறுதியில் எதிரொலியூட்டி. இளைஞர் பலர் அதனை வேதவாக்காகக் கொள்கின்றனர். பட்டியலிற் பெரும்பிழை இல்லை. காரணம் அறியாது கொள்வதே பிழை. தம் கையாற் செய்த பெட்டி கீச்சிட்டவுடன் வேலை பழுதென்று அதனை எறிந்துவிடுவோர், பழுது பெட்டியிலன்றி அது நின்ற இடத்தில் இருந்திருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

கரகரப்பின் வரலாறே பழுதிலிருந்து தொடங்கியதாகும். லிங்க் றே என்பார் 1958இல் வெளிவந்த தமது 'றம்பிள்' இசைக்காக ஒலிபெருக்கியின் தாட்கூம்பைப் பென்சிலாற் குத்தித் துளைத்தார் என்பர். பின்னர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாட்டி றொபின்ஸ் பாடிய 'டோன்ட் வொறி' பதிவாகியபோது, கிறேடி மாட்டின் வாசித்த பகுதி ஒலிப்பதிவு மேசையிலிருந்த பழுதான சுற்றொன்றின் வழியே சென்று உறுமலாக வெளிவந்தது. அதனை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டனர். பொறியியலாளர் கிளென் சுனொடி அவ்வுறுமலை வேண்டும்போது எழுப்பத்தக்க திரான்சிற்றர்ச் சுற்றொன்றை வகுத்தார். அது 1962இல் 'மாயெஸ்ரோ ஃபஸ்-ரோன்' என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தது. 1965இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் 'சற்றிஸ்பக்ஷன்' பாடலில் அவ்வொலி உலகெங்கும் கேட்டது.

இப்பெட்டி செய்யும் வேலை யாது? உள்வரும் அலையைப் பெருக்கி, ஓர் எல்லைக்கு மேலெழும் முகடுகளைக் கத்தரித்துவிடுகின்றது. முகடு மழுங்கிய அலையில் முன்பில்லாத மேற்றொனிகள் பிறக்கும். அவையே செவிக்குக் கரகரப்பாகின்றன. 0.5 வோல்ற்று வீச்சமுள்ள அலையொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை மும்மடங்காக்கிப் பின்னர் 1 வோல்ற்றிற் கத்தரித்தால் மழுங்கிய அலை கிடைக்கும். முதலிற் கத்தரிப்பானுக்கு அனுப்பினாலோ, 0.5 எல்லைக்கு உட்பட்டதாதலால் அது தீண்டப்படாமலே சென்று, பின் 1.5 வோல்ற்றாகத் தூய்மையுடன் வெளிவரும். உறுப்புகள் அவையே, ஒலிகள் இரண்டு.

பெருக்கல், வடித்தல், தாமதித்தல் ஆகியன நேர்கோட்டியல்புடைய செயல்கள். அவற்றின் தன்மை காலத்தோடு மாறாதிருக்கும்வரை எவ்வரிசையில் வைப்பினும் விளைவு ஒன்றே. கத்தரித்தல் நேர்கோட்டியல்பற்றது, ஆதலால் அதற்கு முன்னா பின்னா என்னும் கேள்வி உயிரானது. எதிரொலியூட்டியைப் பின்னே வைத்தால் கரகரத்த ஒலி படிப்படியாய்த் தேய்ந்து மறையும். முன்னே வைத்தால், தேய்ந்த எதிரொலியும் மூல ஒலியும் ஒரே எல்லைக்குள் நசுக்கப்பட்டு ஏறத்தாழச் சமவுரப்புப் பெறுவதோடு, ஒன்றோடொன்று கலந்து புதிய தொனிகளையும் ஈனும். 300, 400 ஹேட்ஸ் மீடிறனுள்ள இரு சுரங்கள் ஒருங்கே சென்றால் 100, 700 ஹேட்ஸ் தொனிகளும் தலைகாட்டலாம். குழப்பம் என்று சிலர் இதனை வெறுப்பர். பனிமூட்டம் போன்ற இவ்வொலியையே விரும்பித் தேடுவோரும் உளர்.

வாவாவின் நிலை சற்று நுட்பமானது. அது ஒரு மீடிறன் வட்டாரத்தை உயர்த்திக் காட்டும் வடிகட்டி. அவ்வட்டாரத்தைக் கால் நகர்த்துகின்றது. கால் அசையாதவரை எதிரொலியூட்டியோடு அதனை இடம் மாற்றலாம். அசைந்தால் மாற்றவியலாது: வாவா முன்னிருப்பின் ஒவ்வோர் எதிரொலியும் அது பிறந்த கணத்தின் நிறத்தைச் சுமந்து வரும், பின்னிருப்பின் பழைய எதிரொலிகளும் காலின் இப்போதைய நிலைக்கேற்ப நிறம் மாறும். கரகரப்பூட்டியின் முன் வைத்த வாவா பாடகரின் குரல்போல் அடங்கி ஒலிக்கும். பின்வைத்தாலோ மேற்றொனி மிக்க அலையைச் சீவுவதால் வீச்சு மிகக் கூர்மையாகும். 1969இல் வுட்ஸ்ரொக் விழாவில் ஜிமி ஹென்றிக்ஸ் வாவாவை முன்னும் 'ஃபஸ் ஃபேஸ்' பெட்டியை அதற்குப் பின்னும் வைத்தே வாசித்தார்.

இதுவரை கூறியது தாளிலெழுதும் கணிதம். மெய்ச்சுற்றில் மற்றொன்றும் உண்டு. அடுத்தடுத்த பெட்டிகள் ஒன்றையொன்று பாதிக்கும். 1966இல் இலண்டனில் ஆபிற்றர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் இரண்டு திரான்சிற்றர், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு திருகுகள் ஆகியவற்றால் முடிந்தது. வீட்டிற் செய்து பார்ப்போருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதன் உட்புகு தடங்கல் சில ஆயிரம் ஓம் மட்டுமே. கிற்றாரின் சுருளுக்கு ஏறத்தாழ 2.5 ஹென்றி தூண்டுதிறன் உண்டெனக் கொண்டால், 100 ஹேட்சில் அது தரும் தடங்கல் 1,600 ஓம் அளவு. 5,000 ஹேட்சிலோ 78,000 ஓமுக்கு மேல். எனவே உயர்மீடிறன்கள் பெட்டியை அடையுமுன்னரே நலிந்துபோகின்றன. அந்நலிவே அதன் இனிமைக்குக் காரணம். கிற்றாரின் ஒலித்திருகைச் சற்றே குறைத்தால் கரகரப்பு நீங்கித் தெளிவுறுவதும் இவ்வுறவினாலேயே. இடையில் 'பஃபர்' எனப்படும் இடைத்தாங்கிச் சுற்றொன்றை வைப்பின் அவ்வுறவு அறுந்து ஒலி கிறீச்சிடும். வாவாவின் பின்னே ஃபஸ் ஃபேஸ் நிற்கும்போது மட்டும் கதை மாறும்: இது வாவாவை அளவுக்குமீறிச் சுமைப்படுத்தி அதன் வீச்சைக் கெடுத்துவிடும், அங்கே இடைத்தாங்கியே மருந்து.

உறுப்புகளை மாற்றிப் பார்ப்போர் இருவாயிகளிலிருந்து தொடங்குக. கத்தரிக்கும் இருவாயிகளைப் பற்றாசிட்டுவிடாமல் ஒரு சிறு குதையிற் செருகிவைத்தால் கணத்தில் மாற்றலாம். செர்மானியம் 0.3 வோல்ற்று அளவிலும், சிலிக்கன் 0.6 அளவிலும், சிவப்பு ஒளிகாலும் இருவாயி 1.7 அளவிலும் கத்தரிக்கும். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டுமாக வைத்தால் சமச்சீர் குலைந்து இரட்டை மேற்றொனிகள் பிறக்கும். செர்மானியத் திரான்சிற்றரில் விழிப்பு வேண்டும்: அதன் அடிவாய் இணைக்கப்படாதபோதும் சிறு மின்னோட்டம் கசியும், விரலாற் பிடித்த சூட்டிலேயே அக்கசிவு ஏறுவதைப் பன்மானியிற் காணலாம். ஆகவே மாலையிற் செம்மையாக ஒலித்த பெட்டி நண்பகலில் தடுமாறினால் வியத்தற்கில்லை. மேலும், பழைய செர்மானியச் சுற்றுகளிற் பல நேர்முனையைப் புவியாக உடையன. மறைமுனையைப் புவியாக உடைய ஏனையவற்றோடு அவற்றை ஒரே மின்வழங்கியிற் பூட்டினால் குறுஞ்சுற்று உண்டாகும். தனியே 9 வோல்ற்று மின்கலம் ஒன்று கொடுத்தால் தொல்லையில்லை. வீட்டு மின்னோட்டத்தில் இயங்கும் விரியலாக்கியின் உள்ளே மட்டும் மாணவர் கைவைத்தலாகாது.

இரு வரிசைகளை ஒப்பிடும்போது செவி எளிதில் ஏமாறும். சற்று உரத்த ஒலியே அதற்கு நல்ல ஒலியாகப் படும். எனவே முதலில் இரண்டின் உரப்பையும் சமமாக்குக. அதே சுரத்தை அதே கிற்றாரில் மீட்டுக. மாற்றுபவர் ஒருவராகவும், வரிசை அறியாது கேட்பவர் வேறொருவராகவும் இருத்தல் நன்று. கேட்டதை உடனே குறித்துக்கொள்க, அடுத்த மாற்றத்தின் பின் முன்னைய ஒலி நினைவில் நில்லாது.