மிஞ்சியதும் அவருடையதே



1867 ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டம் உருவான லூல்கந்துர, ஹேவாஹெட்டப் பிரதேசத்திலேயே உள்ளது. நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த மலைகள் இவை. இங்கு பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கி மகாவலியைச் சேர்கின்றது. நாம் எறியும் பொலித்தீனும் அதனோடே இறங்குகின்றது.

பொலித்தீன் உணவுத்தாள்களை அரசாங்கம் 2017 இல் தடைசெய்தது. கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுப்பது 2025 நவம்பரில் நிறுத்தப்பட்டது. இவை நல்லவையே. எனினும் சில ரூபாவைக் கொடுத்தால் பை கிடைத்துவிடுகின்றது. சட்டம் கையைத் தடுக்கலாம். மனத்தை விசுவாசமே மாற்றும்.

ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவர், மிஞ்சியது எதுவும் வீணாய்ப் போகாமல் சேகரிக்கும்படி சீஷருக்குக் கட்டளையிட்டதை யோவான் 6 ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அப்பத்தைப் பெருகச்செய்ய வல்லவர், துணிக்கையையும் அற்பமாய் எண்ணவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

நாட்சம்பளத்தில் சிறு பைக்கற்றுகளாகப் பொருள் வாங்கும் ஏழைத் தாயைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவளுக்கு வேறு வழியில்லை. வழியுள்ளவர்களுக்கே பொறுப்பு அதிகம். பழைய சேலையில் தைத்த பைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; மறவாத மனமே வேண்டும்.

பிரியமானவர்களே, அடுத்தமுறை சந்தையில் ஒரு பொருளை எடுக்கும்போது, “இது எனக்குத் தேவையா? இதன் மீதி எங்கே போய்ச் சேரும்?” என்று கர்த்தருடைய சமுகத்தில் உங்களையே கேட்டுப்பாருங்கள். உண்ணுமுன் நாம் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம், வாங்கும் இடத்திலேயே தொடங்குவதாக.