ஏரிக்கு அக்கரையில் ஒரு பேட்டரி

பழவேற்காட்டு மீனவர்களுக்கு ராக்கெட் புதுமையில்லை. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக்கொண்டு வடக்கே நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து அது கிளம்பும் நாளில், இன்ன கடற்பகுதிக்குள் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். 2024 ஜனவரி 1 காலையில் பி.எஸ்.எல்.வி.-சி58 அங்கிருந்துதான் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதை இறக்கிவிட்ட பிறகும் ராக்கெட்டின் கடைசிக் கட்டம் வீணாகவில்லை. பூமியைச் சுற்றும் சோதனை மேடையாக இஸ்ரோ அதை மாற்றியது; பெயர் போயம்-3. அதில் ஏறிய சோதனைப் பொருள்களுள் ஒன்று, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய 10 ஆம்பியர்-மணி லித்தியம் அயனி செல்.

ஏரிக்கு இக்கரையில், லைட் ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ படகேறுகிறவரின் பாலித்தீன் உறைக்குள் இருக்கும் செல்போனிலும் அதே குடும்பத்து செல்தான் இருக்கிறது. விண்ணுக்குப் போனதை எந்த மெக்கானிக்கும் திறந்து மாற்றப் போவதில்லை. ஆனாலும் செயற்கைக்கோள் பேட்டரிகள் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கின்றன. கையில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடுகிறது. அதையும் பசை போட்டு ஒட்டி, கண்ணாடியால் மூடித் தருகிறார்கள். மாற்ற முடியாதது நீடிக்கிறது, மாற்ற வேண்டியது பூட்டிக் கிடக்கிறது. இது எப்படி நேர்ந்தது?

செல்லுக்குள் என்ன நடக்கிறது

லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கியதற்காக ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் சோனி நிறுவனம் அதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்சைடு, இடையில் மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து புறப்பட்டு கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. செலவாகும்போது திரும்பி வருகின்றன. போவதும் வருவதும் மட்டுமே நடந்தால் பேட்டரி கிட்டத்தட்ட சாகாவரம் பெற்றிருக்கும்.

ஆனால் முதல் சார்ஜிலேயே வேறொன்றும் நடக்கிறது. கிராஃபைட்டைத் தொடும் மின்பகுளி சிறிது சிதைந்து, மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு தடிப்புள்ள படலமாக அதன்மேல் படிகிறது. இந்தப் படலம் அவசியம். மேற்கொண்டு சிதைவு நடக்காமல் அதுதான் தடுக்கிறது. ஆனால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கடலுக்கும் ஏரிக்கும் இடையே போக்குவரத்தை நெருக்குவதுபோல, இந்தப் படலம் தடிக்கத் தடிக்க அயனிகளின் வழி குறுகுகிறது. படலத்துக்குள் சிக்கிய லித்தியம் திரும்பி வருவதும் இல்லை. கொள்ளளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் ஒரு அழைப்பு வந்ததும் அணைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

படலத்தை வேகமாக வளர்ப்பவை இரண்டு: வெப்பம், நிரம்பி வழியும் சார்ஜ். பேட்டரித் துறையில் அடிக்கடி காட்டப்படும் ஓர் அட்டவணை உண்டு. முழுதாக சார்ஜ் ஏற்றிய செல்லை 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்தால் சுமார் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் வைத்தால் சுமார் 65. அதே செல்லில் 40 சதவீத சார்ஜ் மட்டும் ஏற்றி 25 டிகிரியில் வைத்தால் 96. மூன்றிலும் பேட்டரியை யாரும் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில், ஃபைபர் படகின் மேல், காற்றுப் புகாத பாலித்தீன் உறைக்குள், திரை முழு வெளிச்சத்தில் எரிய, ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருக்கும் போனின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அக்கரையின் ஒழுக்கம்

தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியின் நிழலுக்குள் போய் வருகிறது. நாளுக்குச் சுமார் 15 முறை, ஆண்டுக்கு 5,000க்கும் மேல். ஒவ்வொரு முறையும் பேட்டரி செலவாகி நிரம்ப வேண்டும். ஐந்தாண்டில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். செல்போன் பேட்டரிக்கோ வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள் 500 முழுச் சுற்று, கொஞ்சம் தாராளமாக 800.

இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பகுதி காரணம், பேட்டரியை நடத்தும் முறை. தாழ்பாதைச் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் தன் பேட்டரியில் கால் பங்கு அளவுக்குத்தான் செலவழிக்கும். உச்ச மின்னழுத்தம் வரை தள்ளி நிரப்பாமல் கொஞ்சம் முன்பே நிறுத்தும். ஹீட்டர்களும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளும் செல்களை ஒரு குறுகிய, மிதமான வெப்ப எல்லைக்குள் வைத்திருக்கும்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தொடர்புச் செயற்கைக்கோளின் கதை வேறு. அதற்கு நிழல் வருவது மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய இரண்டு பருவங்களில், ஒவ்வொன்றிலும் சுமார் 45 நாள். ஒரு நாளில் அதிகபட்சம் 72 நிமிடம். பதினைந்து ஆண்டுக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் சுற்றுதான் என்பதால் அங்கே ஆழமாகச் செலவழிக்கிறார்கள். எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எத்தனை டிகிரி என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் பூட்டுகிறார்கள்.

திறக்க முடிகிற இடத்தில் விண்வெளியிலும் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். 1990இல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் ஆறு பேட்டரிகளையும் 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் வெளியே மிதந்தபடி மாற்றினார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017 முதல் 2021 வரை 48 பழைய நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளைக் கழற்றி, அவற்றின் வேலையை 24 லித்தியம் அயனி பேட்டரிகளிடம் ஒப்படைத்தார்கள். தடித்த கையுறையோடு பிடித்துத் திருகும்படியான போல்ட்டுகளை வடிவமைக்கும்போதே வைத்திருந்ததால் இது முடிந்தது.

இக்கரையில் பூட்டு வந்த கதை

கையில் வைத்துப் பேசும் போனும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நோக்கியா 1100 என்ற டார்ச் லைட் போன் 2003இல் வந்தது. முதுகு மூடியை நகத்தால் தள்ளினால் பி.எல்.-5சி பேட்டரி கையோடு வரும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்த காலத்தில் அந்தப் பேட்டரி தெருமுனைக் கடைவரை கிடைத்தது. 2007 ஆகஸ்டில், ஒரு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பி.எல்.-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. மக்கள் பேட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். போன் அப்படியே இருந்தது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட்7 பேட்டரியில் கோளாறு வந்தபோது பேட்டரியைத் தனியாகக் கழற்ற வழியில்லை. போனையே திரும்பப் பெற்றார்கள். கடைசியில் அந்த மாடலே நின்றுபோனது.

பூட்டியதற்கு நியாயங்களும் உண்டு. கழற்றி மாட்டும் பேட்டரிக்குக் கெட்டியான கூடு வேண்டும், ஸ்பிரிங் முனைகள் வேண்டும். போனுக்குள்ளேயே ஒட்டிவிட்டால் மெல்லிய பை போன்ற செல் போதும். மிச்சமாகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் மின்சாரத்தை அடைக்கலாம். மற்றொரு நியாயம் தண்ணீர். மூடி இல்லையென்றால் இடுக்கும் இல்லை.

பழவேற்காட்டில் இந்த இரண்டாவது நியாயத்தை லேசாகத் தள்ள முடியாது. மழைக்காலத்தில் ஆரணியாறு முதலான ஆறுகளின் நீர் சேர்ந்து உப்பு தணியும் ஏரி, கோடையில் சில இடங்களில் கடலையும் மிஞ்சிக் கரிக்கும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி இணைந்தே இருக்கும் போனுக்குள் அது புகுந்தால், 3.7 வோல்ட் அழுத்தத்தில் அங்கேயே மின்பகுப்பு தொடங்கி செம்புத் தடங்களைத் தின்கிறது. பழைய போனில் பேட்டரியை உருவினால் அந்த வேலை உடனே நிற்கும். ஒட்டிய போனில் அதற்கு வழியில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்தாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும்.

ஐ.பி.67 என்று பெட்டியில் போட்டிருப்பதன் பொருள், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது. அந்தச் சோதனை நடப்பது நன்னீரில், புதுப் போனில். ஒருமுறை திறந்து பேட்டரி மாற்றிய போனுக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது.

திறந்தால் என்ன செய்ய வேண்டும்

பொன்னேரியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கை தேர்ந்த ஒருவர் பேட்டரியை எப்படி மாற்றுகிறார் என்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரியும். முதலில் சார்ஜைக் கால் பங்குக்குக் கீழே இறக்குகிறார். தவறிக் குத்துப்பட்டாலும் எரிவதற்கு உள்ளே சக்தி குறைவாக இருக்கும். முதுகுக் கண்ணாடியை அளவாகச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செலுத்திப் பிரிக்கிறார். வேறெதையும் தொடும்முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுகிறார். பேட்டரியை இரும்பால் நெம்புவதில்லை, மடக்குவதில்லை. உள்ளே நேர், எதிர் தகடுகளைப் பிரிப்பது காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு; அது கிழிந்தால் தீ. உப்பிப்போன பேட்டரி என்றால் இன்னும் கவனம்: மின்பகுளி சிதைந்து உண்டான வாயுதான் அந்த உப்பல். அதை அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது.

புதிய பேட்டரியின் கம்பிகளில் நேர், எதிர் தவிர இன்னொன்றும் இருக்கும். செல்லின் வெப்பத்தை அளந்து போனுக்குச் சொல்வது பெரும்பாலும் அதன் வேலை. மலிவான போலிகளில் வெட்டு விழுவது இங்கும், அளவு மீறிய சார்ஜைத் தடுக்கும் சிறு பாதுகாப்புச் சர்க்யூட்டிலும்தான். கடைசியாகச் செய்ய வேண்டியது, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு அந்த மாடலுக்கென்று வெட்டிய புதுப் பசைப்பட்டையை ஒட்டுவது. பல கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குள் புழங்கும் போனுக்கு அது பரவாயில்லை. படகுக்குப் போகும் போன் என்றால் முதல் அலையிலேயே தெரிந்துவிடும்.

கடலில் ஆபத்துக்கு உதவும் கருவிகள் வேறு வழி காட்டுகின்றன. கப்பல்களில் இருக்கும் அவசரகால பீக்கன் 48 மணி நேரம் அபாயச் சமிக்ஞை அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதில் சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் பேட்டரி, ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து ஒரு நாள் எழுந்து வேலை செய்வதற்காகவே இருக்கிறது. உறை இறுக மூடியிருக்கும். மேலே காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி வந்ததும் பேட்டரியையும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றி, நீர் புகுகிறதா என்று சோதித்துத் தர வேண்டும். பூட்டும் இருக்கிறது, பூட்டைத் திறக்க நாளும் குறித்திருக்கிறது.

பூட்டுக்கு விலை

பேட்டரியை மாற்றும் வசதியை ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டமாக்கியிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பொதுவாக வாங்கியவரே மாற்றும்படி இருக்க வேண்டும். செல்போனுக்கு 2025 ஜூன் 20 முதல் தனி விதி நடைமுறையில் உள்ளது. அதன்படி, தொழில்முறைப் பழுதுநீக்குநர் மட்டுமே மாற்றும்படி பேட்டரியைப் பூட்ட நினைக்கும் நிறுவனம் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்: 500 சுற்றுக்குப் பின் 83 சதவீதக் கொள்ளளவு, 1,000 சுற்றுக்குப் பின் 80 சதவீதம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தன்மை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்தது. அதே ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. பேட்டரியை எளிதாகக் கழற்றும்படி போனை வடிவமைக்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சொல்லும் பாடத்தைத்தான் அந்த ஐரோப்பிய விதி எண்களாக எழுதியிருக்கிறது. பூட்டுகிறவர் ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். செல்போன் தொழில் இத்தனை காலம் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. பொறுப்பை வாங்கியவர் தலையில் விட்டது. படகுக்குப் போன் வாங்குகிறவர் கடையில் கேமராவைப் பற்றிக் கேட்கும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: எத்தனை சுற்று தாங்கும்? மாற்றிய பிறகும் தண்ணீர் புகாமல் மூடித் தருவீர்களா? ஆயிரம் சுற்றுக்கு எண்பது சதவீதம் என்று எழுதித் தருகிறவர் பூட்டிக்கொள்ளட்டும். தர முடியாதவர் ரப்பர் வளையமும் நான்கு திருகாணியும் வைத்துத் தரட்டும்.